இருபது வருடம் ஓட வேண்டிய சாவி: பழைய கார் ரிமோட்டுக்குப் புதுக் கூடும் புது போர்டும்

எங்கள் டொயோட்டா 2011-இல் பதிவானது. சிங்கப்பூரில் பத்து வருடத்தில் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்துவிடும்; வண்டியை விடுவதா, இன்னும் ஐந்தோ பத்தோ வருடத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பிப்பதா என்று யோசிக்க வேண்டும். நாங்கள் 2021-இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். இஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏர்கான் குளிர்கிறது. சாவிதான் முதலில் போனது. ஒரு சாவியில் வளையம் மாட்டும் ஓட்டை பிய்ந்து, பட்டன் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் சுவிட்ச் தெரிந்தது. இன்னொன்று என் வீட்டுக்காரரின் கால்சட்டைப் பையோடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய் வந்தது.

ஒரு கடையில் இரண்டு சாவிக்கும் சேர்த்து 480 சிங்கப்பூர் வெள்ளி கேட்டார்கள். நான் அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ரீவொர்க் பகுதியில் இருந்தவள். கோளாறான போர்டில் இருந்து பாகத்தைக் கழற்றிப் புதிதாக வைப்பதுதான் அங்கே என் வேலை. அதனால் நானே செய்வது என்று முடிவு செய்தேன். முதல் சாவியில் பழைய போர்டை மடக்குச் சாவிக் கூட்டில் (பிளேடு உள்ளே மடங்கி, ஸ்பிரிங்கால் வெளியே வரும் வகை) பொருத்தினேன். இரண்டாவதில் கூடு, போர்டு இரண்டையுமே மாற்றினேன். சால்டரிங் தெரிந்தவருக்கு இதில் கை வேலை பெரிதல்ல. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்ற வரிசைதான் கஷ்டம். அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சாவிக்குள் மூன்று சாவி

ரிமோட் உள்ள கார் சாவியில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று பொருள்கள் ஒரே கூட்டில் குடியிருக்கின்றன. ஒன்று, பூட்டைத் திருப்பும் இரும்பு பிளேடு. இரண்டு, கதவைத் திறக்கும் ரேடியோ போர்டு. பேட்டரி வேண்டியது இதற்கு மட்டும்தான். மூன்று, இம்மொபிலைசர் சிப். இது பலருக்குத் தெரிவதே இல்லை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு. கறுப்பு ஆப்பு வடிவத்தில் இருக்கும், சில வண்டிகளில் கண்ணாடிக் குப்பி போல இருக்கும். இதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியை நுழைத்ததும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். சிப் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டி அதை ஏற்றுக்கொண்டால்தான் இஞ்சின் ஓடும்.

ரிமோட் செத்துப்போன சாவியும் வண்டியைக் கிளப்புவதற்கு இதுதான் காரணம். புதுக் கூடு வாங்கி, போர்டை மாற்றி, அழகாக மூடி, பழைய கூட்டைக் குப்பையில் போட்டவர்கள் வண்டி கிளம்பாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். சிப் அந்தக் குப்பையில் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் சாவியில் சிப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கூட்டைத் திறந்து பிளேடு சேரும் இடத்தின் அருகே பாருங்கள். தனியாக ஒரு சிறு குழியில் ஆப்புத் துண்டு படுத்திருந்தால் நல்லது, அதை மாற்றிவிடலாம். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் அது போர்டிலேயே பற்றவைத்த ஒரு ஐசியாக (சிறு மின்னணுச் சில்லாக) இருக்கலாம். பல வண்டிகளில் அப்படித்தான். அந்த மாதிரிச் சாவியில் கூட்டை மட்டும் நீங்கள் மாற்றலாம். போர்டை மாற்ற வேண்டுமென்றால் வண்டியின் கணினியோடு புதுச் சிப்பைப் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சாவிக் கடைக்காரரின் இயந்திரம் வேண்டும். பட்டனை அழுத்திக் கிளப்பும் ஸ்மார்ட் சாவி என்றாலும் கூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று திசைக்கும் தனித்தனிச் சுருள் இருக்கும், அதில் கை வைக்க வேண்டாம்.

இன்னொரு விதி: வேலை செய்யும் சாவி ஒன்றாவது முழுதாக வீட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். துவைத்த சாவியில் ரிமோட் இல்லாவிட்டாலும் சிப் உயிரோடு இருந்தது, வண்டி கிளம்பியது. அது கையில் இருந்ததால்தான் முதல் சாவியைத் தொட்டேன்.

கூடு வாங்குவது

மடக்குச் சாவிக் கூடுகள் ஷாப்பி, லசாடா எல்லாவற்றிலும் பத்து வெள்ளிக்குள் கிடைக்கின்றன. வண்டியின் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட உங்கள் போர்டின் நீள அகலத்தை அளந்து வாங்குங்கள். வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். நான்கு அளவுகள் முக்கியம்: போர்டின் நீளம், அகலம், பட்டன்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், பேட்டரியோடு சேர்த்த மொத்தத் தடிமன். பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது. சிஆர்2016 என்றால் 20 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன். சிஆர்2032 அதே விட்டம், 3.2 மி.மீ. தடிமன். சிஆர்1620 என்றால் 16 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். எங்களுடையதில் சிஆர்2016 இருந்ததால் கூட்டுக்குள் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

முழு உலோகக் கூடு பார்க்க அழகாக இருக்கும். வாங்காதீர்கள். போர்டின் ஓரத்தில் ஓடும் தாமிரக் கோடுதான் பெரும்பாலும் ஆண்டெனா. அதை உலோகத்தால் மூடினால் அலை வெளியே போகாது. சிப்புக்கும் அதே கதி. குரோம் பூசிய மெல்லிய பட்டை ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை.

மற்ற சாமான்களுக்குச் சிம் லிம் டவர் போனேன். ஜாலான் புசார் பக்கம் இருக்கும் பழைய கட்டடம். பக்கத்துச் சிம் லிம் ஸ்குவேரோடு பலர் குழப்பிக்கொள்வார்கள். கீழ்த்தளக் கடைகளில் சுவிட்ச் ஒன்றிரண்டு கேட்டாலும் எடுத்துத் தருகிறார்கள். பழைய சுவிட்சைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. நீள அகலம் ஒன்றாக இருந்தாலும் உயரத்தில் அரை மி.மீ. மாறினால் பட்டன் வேலை செய்யாது. 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த பற்றவைப்புக் கம்பி), ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் தாமிரப் பின்னல், ஐசோபுரொபைல் ஆல்கஹால், நல்ல முனையுள்ள இடுக்கி, மல்டிமீட்டர். இவை போதும்.

பிளேடை முதலில் வெட்டுங்கள்

கூட்டோடு வரும் பிளேடு வெறும் தகடு. அதைச் சாவிக் கடையில் வெட்ட வேண்டும். இங்கே ஒரு விஷயம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சாவியின் பற்கள் தேய்ந்திருக்கும். அதை வைத்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். புதுச் சாவி முதல் நாளிலிருந்தே பழைய சாவியாக இருக்கும். அதிகம் புழங்காத மாற்றுச் சாவியை மாதிரியாகக் கொடுங்கள். அதுவும் தேய்ந்திருந்தால், பற்களின் அசல் அளவெண்ணைக் கணித்து அதன்படி வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். நான் போன கடை எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சீன அங்கிள் செருப்பும் தைத்துச் சாவியும் வெட்டும் கடை. என் இரண்டு சாவியையும் விரலால் தடவிப் பார்த்து, "திஸ் ஒன் பெட்டர் லா" என்று துவைத்த சாவியை எடுத்துக்கொண்டார்.

வெட்டிய பிளேடைக் கூட்டில் மாட்டும் முன்பே வண்டியில் சோதியுங்கள். கதவு திரும்ப வேண்டும், இக்னிஷன் ஆன் வரை போக வேண்டும். இஞ்சின் கிளம்பாது, சிப் இல்லையே. திருப்பும்போது சற்றே பிடித்தாலும் கடைக்குத் திரும்பிப் போங்கள். அங்கிள் இரண்டாம் முறை ஒரு பல்லை மட்டும் லேசாகத் தேய்த்துத் தந்தார், காசு வாங்கவில்லை.

சிப்பை எடுப்பது

அந்த ஆப்புத் துண்டு உடையக்கூடியது. ஸ்குருடிரைவரை நுழைத்து நெம்பினால் விளிம்பு சிதறிவிடும், அதன்பின் புதுச் சிப் வாங்கிப் பதிவு செய்வதுதான் வழி. முதலில் முடி உலர்த்தியால் ஒரு நிமிடம் சூடு காட்டிப் பாருங்கள், பசை இளகினால் தானே வரும். இளகாவிட்டால் சிப்பை விட்டுவிட்டுக் கூட்டை வெட்டுங்கள். சிறு ரம்பத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை அறுத்து எடுப்பது பத்து நிமிட வேலை. எப்படியும் தூக்கிப் போடப்போகும் கூடுதானே. வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். அது தரையில் விழுந்தால் டைல்ஸில் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்: சிப் எந்தப் பக்கம் படுத்திருந்தது, பிளேடிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது. இதை நான் அலட்சியமாக விட்டதால் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

புதுக் கூட்டில் சிப்புக்கென்று ஒரு குழி இருந்தது, ஆனால் என் சிப் அதைவிடப் பெரியது. அதனால் கூட்டின் பின்கோடியில், ஸ்பிரிங் உருளைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து ஒட்டினேன். வண்டியில் போட்டேன், கிளம்பியது. சந்தோஷமாக மூடிவிட்டேன். மறுநாள் காலை அத்தையைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் புளோக் கீழே சக்கர நாற்காலியில் காத்திருக்கிறார், என் வீட்டுக்காரர் வண்டியில் சாவியைத் திருப்புகிறார், இஞ்சின் சுற்றுகிறது, நிற்கிறது. பாதுகாப்பு விளக்கு அணையவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் டாக்சி பிடித்தோம். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோது காரணம் புரிந்தது. முதல் நாள் சோதித்தபோது அதே வளையத்தில் துவைத்த சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி படித்தது அந்தச் சிப்பை. என் சிப் சுருளிலிருந்து தள்ளி, ஸ்பிரிங்கின் இரும்புக்குப் பக்கத்தில் இருந்ததால் படிக்கப்படவே இல்லை. மறுபடி திறந்து, பிளேடுப் பக்கத்துக் குழியை ஊசி அரத்தால் விரித்து, பழைய கூட்டில் எப்படிப் படுத்திருந்ததோ அதே போல வைத்தேன். ஒரு துளி சிலிக்கான் பசை. சூப்பர் குளூ வேண்டாம்; அதன் ஆவி போர்டின் மேலும் சுவிட்சுக்குள்ளும் வெள்ளையாகப் படியும்.

எனவே சிப்பைச் சோதிக்கும்போது வேறு எந்தச் சாவியும் வண்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது. வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பத்து முறை கிளப்பிப் பாருங்கள். பத்தும் கிளம்ப வேண்டும்.

முதல் சாவி: பழைய போர்டு, புதுக் கூடு

போர்டு நுழையாத இடத்தில் கூட்டைத்தான் தேய்க்க வேண்டும், போர்டை அல்ல. ஓரத்தில் ஓடும் கோடு ஆண்டெனா என்றேன். அதில் அரம் பட்டால் ரிமோட்டின் தூரம் குறையும், அல்லது முற்றிலும் போய்விடும். கூட்டின் உள்ளே நிற்கும் சிறு தூண்களை வெட்டி, போர்டு சமமாக உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்த்து.

தேய்ந்த சுவிட்சுகளை மாற்றினேன். நான் சால்டரிங் அயர்னை 330 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொண்டேன். பழைய பற்றவைப்பு ஈயமில்லாத வகையாக இருந்தால் சுமார் 217 டிகிரியில்தான் உருகும். அதன்மேல் 183 டிகிரியில் உருகும் 63/37 கம்பியைக் கொஞ்சம் சேர்த்தால் கலவை இளகி எளிதில் விட்டுவிடும். தொழிற்சாலையில் முதல் வாரத்தில் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தது. சுவிட்சின் ஒரு காலை மட்டும் சூடாக்கி இழுத்தால் தாமிரப் பட்டை உரிந்து வரும். இரண்டு பக்கமும் ஈயம் நிறைய வைத்து, மாறி மாறிச் சூடாக்கி, சுவிட்ச் மிதக்கும்போது இடுக்கியால் தூக்க வேண்டும். பிறகு பின்னலால் துடைத்து, ஆல்கஹாலில் கழுவி, புதியதை வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பட்டன் ரப்பரின் அடியில் ஒரு சிறு முனை இருக்கிறது. அதுதான் சுவிட்சை அழுத்துவது. வேறு வண்டியின் கூட்டில் அந்த முனை நீளமாக இருந்தால், மூடியதுமே சுவிட்ச் அழுந்தியே இருக்கும். பேட்டரி சீக்கிரமே காலியாகும். மூடும்போது ஒவ்வொரு பட்டனும் 'டிக்' என்று தனியாகக் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரைப் பேட்டரியோடு தொடராக வைத்து அளந்து பாருங்கள். யாரும் தொடாதபோது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் ஓட வேண்டும். அழுத்தும்போது மில்லி ஆம்பியருக்கு ஏறும். தொடாதபோதே மில்லி ஆம்பியர் காட்டினால் எங்கோ பட்டன் அழுந்தியிருக்கிறது. நான் முனையைப் பிளேடால் அரை மி.மீ. சீவினேன், சரியானது.

இரண்டாம் சாவி: போர்டே புதிது

துவைத்த போர்டை முதலில் காப்பாற்றப் பார்த்தேன். ஆல்கஹாலும் பல் துலக்கும் தூரிகையும் வைத்துத் தேய்த்தபோது பச்சைக் களிம்பு போனது, ஆனால் பேட்டரிப் பிடிக்கு அடியில் இரண்டு தாமிரக் கோடுகள் முற்றாக அரித்திருந்தன. உங்களுடையது அந்த அளவு போகவில்லையென்றால் கழுவி, நன்றாக உலர்த்தி, புது பேட்டரி போட்டுப் பாருங்கள். புதியது மீட்டரில் 3.2 வோல்ட் அருகே காட்டும்.

மாற்றுப் போர்டுக்கு, பல வண்டிகளுக்கும் பொருந்தும் பொது ரிமோட் வகை இருக்கிறது. அது வெறுமையாக வரும். சாவிக் கடைக்காரர் ஒரு சிறு இயந்திரத்தில் வண்டியின் மாடலைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய அலைவரிசையையும் குறியீட்டு முறையையும் ஏற்றுவார். இது முதல் படிதான். அதன்பின் வண்டியிலும் அந்த ரிமோட்டைப் பதிய வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, முதல் படியோடு வீட்டுக்கு வந்துவிட்டுக் கதவு திறக்கவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை போன எண் மறுமுறை செல்லாது. அதனால்தான் பழைய ரிமோட்டின் அலையை வெறுமனே பதிவு செய்து திருப்பி அனுப்பும் மலிவு நகல் ரிமோட்டுகள் காருக்கு உதவாது.

அலைவரிசையை நீங்களே தெரிந்துகொண்டு போவது நல்லது. எங்களுடையது 433.92 மெகாஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியான வண்டி என்றால் வேறாக இருக்கலாம். பழைய போர்டின் பின்புறமோ கூட்டின் உள்ளேயோ அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். என் தங்கை மகனிடம் கணினியில் செருகி ரேடியோ அலைகளைத் திரையில் பார்க்கும் ஒரு எஸ்டிஆர் டாங்கிள் இருந்தது. பட்டனை அழுத்தியதும் திரையில் 433.92 அருகே ஒரு கோடு எழுந்ததை அவன் காட்டினான். கைப்பேசிக் கேமராவில் பார்க்கும் தந்திரம் டிவி ரிமோட்டுக்குத்தான். அது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ. தூரம் கூட்டுவதற்காக ஆம்பிளிஃபையர் எதையும் சேர்க்காதீர்கள். இங்கே இந்த அலைவரிசையில் அனுமதிக்கப்பட்ட சக்திக்கு வரம்பு இருக்கிறது.

பதிவுக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். சில வண்டிகளில் புதியதைப் பதியும்போது பழைய ரிமோட்டுகள் அழிந்துவிடும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிய வேண்டியிருக்கும். சிப்பைப் பழைய கூட்டிலிருந்து நானே எடுத்து வைத்துவிட்டதால் கடைக்காரர் ரிமோட்டை மட்டும் பார்த்தார். ரிமோட்டுக்கும் அவர் கைக்கூலிக்கும் சேர்த்து 60 வெள்ளி ஆனது. வண்டி யாருடையது என்று கேட்டு அடையாள அட்டையைப் பார்த்தார். அப்படிக் கேட்கும் கடைக்கே போங்கள்.

ஸ்பிரிங்கும் மூடுவதும்

பிளேடைப் பிடிக்கும் ஊசியை அதற்கான துளையில் வைத்து 1.5 மி.மீ. முனையுள்ள கம்பியால் மெதுவாகத் தட்டி இறக்கவும். பாதி இறங்கியதும் பிளேடு ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை மாட்டிய பின் பிளேடை ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று சுற்றி, கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே மேல் மூடியை வைக்க வேண்டும். குறைவாகச் சுற்றினால் பிளேடு பாதியில் நிற்கும். கண்ணுக்கு நேரே வைத்துச் செய்யாதீர்கள், ஸ்பிரிங் தெறிக்கும். எனக்கு நான்காவது முயற்சியில்தான் வந்தது.

கழற்றிய பேட்டரிகளை மேசையில் விட்டு எழுந்து போகாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. நான் இரண்டு முகத்திலும் டேப் ஒட்டி, பேரங்காடியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டேன். இங்கே மின்கழிவு சேகரிக்கும் அந்தத் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கியது, பேட்டரிகளையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

தூரத்தைச் சோதிக்க எங்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், வண்டியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். பழைய போர்டு புதுக் கூட்டில் பதினான்கு கட்டம் வரை எட்டியது. பொது ரிமோட் பதினொன்று. எங்களுக்கு அது போதும். ஒரு வாரம் கழித்து இரண்டு கூட்டையும் மறுபடி திறந்தேன். முதல் சாவியில் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கினேன். சிப் வைத்த இடத்தில் அசையவில்லை.